டப்பைக் கழற்ற முடியுமா என்று கேட்டு வாங்கிய வாஷிங் மெஷின்

சத்தத்தை முதலில் கவனித்தது அம்மாதான். "ஏங்கண்ணு, துணி பிழியறப்ப மாவு மில்லு ஓடற மாதிரி கேக்குதே" என்றார். மெஷின் மட்டமாக நிற்கவில்லை போல என்று நினைத்து, நான்கு கால்களையும் திருகி ரசமட்டம் வைத்துச் சரி செய்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஸ்பின் தொடங்கியதும் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து என்னவென்று கேட்கும் நிலைக்குப் போய்விட்டது.

எங்கள் வீடு கோவையில், கணபதிப் பக்கம். குழாயில் வரும் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். துணிக்கும் பாத்திரத்துக்கும் போர் தண்ணீர். மெஷின் ஆறு கிலோ ஃப்ரன்ட் லோடு, வாங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது.

இந்த மாதிரிச் சத்தம் வந்தால், துணி சுற்றும் டிரம்மைத் தாங்கிச் சுழல விடும் பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். கதவைத் திறந்து டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றினால், நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். எங்களுடையதில் மணலை அரைப்பதுபோல் நறநறவென்றது. அடுத்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். டிரம்மும் வெளியே இருக்கும் பிளாஸ்டிக் டப்பும் சேர்ந்து ஆடினால் பரவாயில்லை, அது ஸ்பிரிங்கின் அசைவு. டப் நிற்க டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் முடிந்தது. எங்களுடையது ஒரு விரல் கனத்துக்கு ஆடியது. பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லிக்குக் கீழே டப்பின் முதுகில் செங்கல் நிறத்தில் துருக்கோடு இறங்கியிருந்தது. தண்ணீரைத் தடுக்க வேண்டிய ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையத்தின் வழியாகத் தண்ணீர் கசிந்து, பேரிங்கில் இருந்த கிரீஸைக் கழுவி வெளியே கொண்டுவந்திருக்கிறது.

கம்பெனி சர்வீஸ் ஆள் வந்தார். நல்ல பையன், பொறுமையாகப் பார்த்தார். "டப் செட்டே மாத்தணும் சார், தனியா பேரிங் வராது" என்று சொல்லி 11,500 ரூபாய் எழுதிக் கொடுத்தார். மெஷினே 23,000 ரூபாய்க்கு வாங்கியது. மோட்டாருக்குப் பத்து வருட வாரன்டி இருக்கிறதே என்று அம்மா கேட்டார். மோட்டார் என்றால் மோட்டார் மட்டும்தான். அது சுற்றுகிற டிரம்முக்கோ, டிரம் உட்கார்ந்திருக்கும் பேரிங்குக்கோ அந்த வாரன்டி பொருந்தாது. மெஷின் முகப்பில் ஒட்டியிருக்கும் அந்தப் பெரிய ஸ்டிக்கரை நம்பி வாங்குபவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பேரிங் தனியாக ஏன் வராது என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பம்பு, மோட்டார், கிரைண்டர் செய்கிற ஊர் இது. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு லேத் பட்டறை இருக்கும், பேரிங் கடை இருக்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு, இரண்டு பேரிங்குக்காக ஒரு மெஷினைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பிரிக்க ஆரம்பித்தேன்.

பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, கீழே இருக்கும் பம்ப் ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்தேன். மேல் மூடிக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூ. சோப்பு டிரே, பட்டன் பலகை, கதவு ரப்பரைச் சுற்றியிருக்கும் கம்பி வளையம், கதவு லாக், முன் தகடு என்று வரிசையாக வந்தது. ஒவ்வொரு ஒயரைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம் எடுத்தேன். கான்கிரீட் எடைக்கட்டிகளை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். அவற்றோடு டப்பைத் தூக்கப் பார்த்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். பெல்ட், மோட்டார், ஹீட்டர் ஒயர், கீழே இரண்டு ஷாக் அப்சர்பர் பின்கள். கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக டப்பை ஸ்பிரிங்கிலிருந்து தூக்கி வெளியே வைத்தோம்.

காரணம் அப்போதுதான் புரிந்தது. டப் என்பது முன் பாதி, பின் பாதி என்று இரண்டு துண்டு. முன்பெல்லாம் இரண்டையும் சுற்றி வர ஸ்க்ரூ போட்டோ கிளிப் போட்டோ இணைத்திருப்பார்கள், நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். எங்களுடையதில் ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை. இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டியிருந்தார்கள். உள்ளே டிரம், அதன் பின்னால் பேரிங், எல்லாம் சேர்த்து முத்திரை வைத்த பானை மாதிரி. செய்வதற்கு மலிவு, கசியாது, சீக்கிரம் முடியும். ஆனால் ஆயிரம் ரூபாய்ச் சாமான் கெட்டால் பத்தாயிரம் ரூபாய்ச் சாமானை மாற்ற வேண்டும்.

அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மெக்கானிக்குகள் பலர் இதைச் செய்கிறார்கள். ஒரு விஷயம் முக்கியம்: அறுப்பதற்கு முன்பே ஒட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் விளிம்பில் சுற்றி வர ஓட்டைகள் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் திரும்பச் சேர்க்கும்போது இரண்டு பாதியும் பழைய இடத்திலேயே உட்காரும். எட்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஓட்டை போட்டு, ஹாக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒட்டின் மேலேயே அறுத்தேன். மூன்றரை மணி நேரம் ஆனது. கிரைண்டர் வைத்து அறுத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் பிளாஸ்டிக் உருகி விளிம்பு கோணிக்கொள்ளும் என்பதால் அதைத் தொடவில்லை.

புல்லி போல்ட்டைக் கழற்றி, டிரம்மின் அச்சான ஷாஃப்டின் முனையில் மரக்கட்டை வைத்துத் தட்டினேன். டிரம் கழன்று வந்தது. முன்னால் 6206, பின்னால் 6205. இந்த எண்கள் உலகத்துக்கே பொது: 6205 என்றால் உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, கனம் 15. மெஷின் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மெஷினுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று கிடையாது. ஆயில் சீலில்தான் கவனம் வேண்டும். உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றும் அதிலேயே அச்சாகியிருக்கும், மூன்றும் பொருந்த வேண்டும். எனக்கு அதற்கு மட்டும் நான்கு கடை ஏற வேண்டியிருந்தது.

முன் பேரிங் உடைந்து, வெளி வளையம் டப்பிலேயே துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நானாக அடித்து எடுத்திருந்தால் டப் விரிசல் விட்டிருக்கும். பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அந்த அண்ணன் வளையத்தின் உள்ளே வெல்டிங்கில் ஒரு கோடு இழுத்தார். சூடு ஆறியதும் வளையம் சுருங்கித் தானாகக் கழன்றது. நூறு ரூபாய் வாங்கினார். புது பேரிங்குகளை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்திருந்தேன். குளிரில் லேசாகச் சுருங்கியிருப்பதால் இருப்பிடத்தில் எளிதாக இறங்கும். இறக்கும்போது அடி வெளி வளையத்தில்தான் விழ வேண்டும், உள் வளையத்தில் விழுந்தால் குண்டுகளில் தழும்பு விழுந்து புது பேரிங்கே சத்தம் போடும். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பாக்கினேன். சீலின் உதட்டில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் வைத்தேன். விளிம்பு முழுவதும் சிலிக்கான் பேஸ்ட் போட்டு நட்டு போல்ட்டால் இறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன். மொத்தச் செலவு 1,480 ரூபாய்.

ஓடியது. ஒரு சொட்டு கசியவில்லை. அம்மா மெஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பின் முடியும்வரை பார்த்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் புதுச் சாமான் எதை வாங்கியபோதும் இருந்ததில்லை.

பதினொரு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு நாள் ஸ்பின்னில் பெரிய சத்தத்தோடு நின்றது. பிரித்துப் பார்த்தால் ஸ்பைடரின் ஒரு கை உடைந்திருந்தது. ஸ்பைடர் என்பது டிரம்மின் முதுகில் இருந்துகொண்டு அதை ஷாஃப்டோடு பிணைக்கும் மூன்று கைச் சட்டம். அது இரும்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது அலுமினியக் கலவையில் வார்த்தது. டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டு வேறு உலோகம் ஒட்டி நின்று, இடையில் உப்புத் தண்ணீரும் காரமான சோப்புத் தண்ணீரும் தங்கினால் அலுமினியம்தான் அரித்துப் போகும். முதல் தடவை பிரித்தபோதே கைகளில் வெள்ளைப் பொடி பூத்து, அங்கங்கே குழி விழுந்திருந்ததைப் பார்த்தேன். துடைத்துவிட்டுப் பேரிங்கில் கவனமாக இருந்துவிட்டேன். இந்த வேலையை யார் செய்தாலும் முதலில் ஸ்பைடரைத் தட்டிப் பாருங்கள். குழிக்குள் ஸ்க்ரூ டிரைவர் முனை இறங்கினால் பேரிங்குக்குச் செலவு செய்யாதீர்கள். ஸ்பைடர் தனியாகக் கிடைக்கவில்லை. டிரம்மோடு சேர்ந்துதான் வரும் என்றார்கள், அந்த மாடலுக்கு அதுவும் ஸ்டாக் இல்லை.

புது மெஷின் வாங்க வேண்டும் என்றானதும் முதலில் கிராஸ் கட் ரோடு பக்கம் ஷோரூம்களுக்குப் போனேன். வைஃபை, நீராவி, போனில் மணி அடிப்பது என்று எல்லாம் காட்டினார்கள். "டப் ஸ்க்ரூ போட்டதா, ஒட்டினதா?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர்களைக் குறை சொல்லி என்ன, விலை அட்டையிலும் விளம்பரத்திலும் அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

உக்கடம் பக்கம் பழைய மெஷின்களைச் சரி செய்து விற்கும் ஒரு அண்ணனைத் தேடிப் போனேன். பட்டறைக்கு வெளியே இருபது முப்பது டப் அடுக்கியிருந்தது. ஸ்க்ரூ போட்டது எது, ஒட்டினது எது என்று அங்கே நின்றபடியே பார்க்க முடிந்தது. ஒரே கம்பெனியிலேயே இரண்டு விதமும் இருந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். பெயரை மட்டும் பார்த்து இது நல்ல கம்பெனி, அது மோசம் என்று சொல்ல வழியில்லை, மாடல் மாடலாகப் பார்க்க வேண்டும். "தம்பி, ஷோரூம்ல மெஷினைப் பார்க்கிறதுக்கு முன்னால ஸ்பேர் கடையில போய் அதோட சாமானைக் கேளுங்க" என்றார். அதைத்தான் செய்தேன்.

நான்கு மாடல்களை எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் ஐந்து சாமான் கேட்டேன்: ட்ரெயின் பம்ப், கதவு ரப்பர், ஷாக் அப்சர்பர் ஜோடி, பேரிங்கும் சீலும், மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு. இரண்டு மாடலுக்கு பேரிங் என்று கேட்டதுமே டப் செட்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவை இரண்டையும் அங்கேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மூன்றாவதற்கு எல்லாம் கிடைத்தது, ஆனால் போர்டு 9,800 ரூபாய். மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்த போர்டு முழுக்கப் பசை ஊற்றி மூடியிருப்பது. ஈரமும் பூச்சியும் உள்ளே போகாது, நல்லதுதான். ஆனால் அதிலிருக்கும் ரிலே என்கிற ஐம்பது ரூபாய் சுவிட்ச் கெட்டால்கூட பசையைச் சுரண்டி எடுக்கப் பொறுமையுள்ள ஆள் வேண்டும், பெரும்பாலும் முழு போர்டும் மாற்றத்தான் வேண்டும். நான்காவது ஏழு கிலோ மெஷினுக்கு பம்ப் 650, ரப்பர் 1,400, ஷாக் அப்சர்பர் 700, பேரிங்கும் சீலும் 1,100, போர்டு 4,200. எல்லாம் அந்த அலமாரியிலேயே இருந்தன.

டாப் லோடு வாங்கலாமா என்றும் யோசித்தேன். குனிய வேண்டாம், நடுவில் ஒரு துணியைப் போடலாம். ஆனால் அதே அளவு துணிக்கு ஃப்ரன்ட் லோடை விட நிறையத் தண்ணீர் குடிக்கும். எங்கள் போர் ஏப்ரல், மே மாதங்களில் அரை மணி நேரம் ஓடினாலே காற்று வாங்கும். அம்மாவுக்குக் குனிவதுதான் சிரமம் என்பதால் இரும்பு ஸ்டாண்ட் ஒன்று அடித்து, மெஷினை ஒன்றரை அடி உயரத்தில் வைக்கலாம் என்று முடிவானது. கோபியில் இருக்கும் அக்கா கேட்டபோது செமி ஆட்டோமேட்டிக்தான் வாங்கச் சொன்னேன். அதில் போர்டே கிடையாது. இரண்டு மோட்டார், இரண்டு டைமர், கெபாசிட்டர், பெல்ட், பிரேக் கம்பி. எது கெட்டாலும் அங்கேயே உள்ளூர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும், மாமாவே மாற்றிவிடுவார். துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை மட்டும் இருக்கிறது. அதற்கு ஆள் இருக்கிற வீட்டில் அதைவிட உழைக்கிற மெஷின் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த நான்காவது மாடலை வாங்குவதற்கு முன் ஷோரூமில் இன்னொரு காரியம் செய்தேன். பார்வைக்கு வைத்திருந்த மெஷினைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, அடிப்பக்கம் போனை நீட்டி விளக்குப் போட்டுப் படம் எடுத்தேன். டப்பின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் வரிசையாக ஸ்க்ரூ தலைகள் தெரிந்தன. அந்தப் படத்தைப் பட்டறை அண்ணனுக்கு அனுப்பினேன். "எடுங்க தம்பி" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடிப்பக்கம் மூடியிருக்கும் மாடல்களில் இப்படிப் பார்க்க முடியாது. அவற்றுக்கு ஸ்பேர் கடையில் கேட்பது ஒன்றுதான் வழி.

இவ்வளவு அலைந்து கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா இது என்கிற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு மாடலின் கடைசி மெஷின் விற்பனைக்கு வந்து 10 ஆண்டுகள்வரை அதன் உதிரி பாகங்களை நிறுவனம் கொடுக்க வேண்டும். ஆர்டர் செய்த 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். மோட்டார், பம்ப், ஷாக் அப்சர்பர், டிரம், ஸ்பைடர், பேரிங் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: டிரம், ஸ்பைடர், பேரிங் மூன்றையும் தனித்தனியாகவோ சேர்த்தோ கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒட்டின டப் அங்கேயும் அப்படித்தான் தப்பிக்கிறது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையத் தளம் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்கள் அதில் ஒரு பிரிவு. விலை அட்டையிலேயே "டப் கழற்றலாம்" என்று ஒரு வரி அச்சிடச் சொல்லி ஒரு விதி வந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

புது மெஷின் வந்து ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. பழைய மெஷினின் ஸ்பைடரைப் பார்த்த பிறகு தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 780 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியில்லை என்றால் 600. வீட்டில் இருக்கும் டிடிஎஸ் மீட்டர் இதைச் சொல்லாது. அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுமே தவிர, சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டுகிறேன். அன்றைக்கு பிளீச்சிங் எதுவும் அருகில் வரக்கூடாது. சோப்பு அளந்துதான் போடுகிறோம், முன்பு அம்மா கைநிறைய அள்ளிப் போடுவார். துவைத்து முடிந்ததும் கதவும் சோப்பு டிரேயும் திறந்தே கிடக்கும். ஹீட்டர் ஓடும்போது 2,000 வாட் இழுப்பதால் 16 ஆம்பியர் பிளக் போட்டு எர்த்தையும் சோதித்துக்கொண்டேன். எலி ஒயரைக் கடித்துவிடும் என்று அடிப்பக்கம் வலை அடித்தாயிற்று.

போன ஞாயிறு தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிக் கழுவினேன். தூள் தூளாக மணலும் சுண்ணாம்பும் கொஞ்சம் வந்தன. டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தேன், சத்தமில்லை. விளிம்பைப் பிடித்து ஆட்டினேன், டப்போடு சேர்ந்துதான் ஆடியது. பேரிங் எண்கள் 6204, 6205, சீலின் மூன்று அளவு, பெல்ட் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மேல் மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். சீல் ரப்பர் சும்மா வைத்திருந்தாலே இறுகிப் போகும் என்பதால் முன்கூட்டி வாங்கவில்லை. பேரிங் போகிற அன்றைக்கு மெஷினைத் திறப்பது நானாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும் அந்தத் தாள் கையில் இருக்கும்.